இப்போது உங்கள் நாக்கு எங்கே இருக்கிறது?

நோட்டீஸ் வீடுகளுக்குப் போன அன்று, நாள் குறித்திருந்த மூன்று பேரும் போன் செய்து வரவில்லை என்றார்கள்.

மூன்றாவது போனை வைத்துவிட்டு நர்ஸ் நோட்டில் மூன்றாவது பெயரையும் அடித்தார். "அவ்வளவுதான் டாக்டர். இனிமே வரலன்னு சொல்லக்கூட ஆள் இல்ல."

பல் டாக்டர் நோட்டீஸை எடுத்து மறுபடி படித்தார். அதை எழுதியவர் எதிரே உட்கார்ந்திருந்தார். டாக்டரின் தங்கை வீட்டுக்காரர். டாக்டர் அவரை மாப்பிள்ளை என்று கூப்பிடுவார். அதைக் கேட்டுக் கேட்டு நர்ஸும் மாப்பிள்ளை சார் என்றார். கிளினிக்கில் அவருக்கு வேறு பெயர் இல்லை.

நோட்டீஸ் இப்படி இருந்தது:

"கதவைத் திறந்ததும் கிராம்பு எண்ணெயின் நெடி. உள்ளறையில் மெல்லிய ரீங்காரம், காதுக்குள் புகுந்த வண்டு போல. ஊசி இறங்கும்போது ஈறில் ஒரு குளிர்ச்சி. அதன்பின் உதடு உங்களுடையது அல்ல. கொப்பளித்தால் இரும்பின் சுவை. வெள்ளைக் கிண்ணத்தில் இளஞ்சிவப்பு நீர் சுழன்று சுழன்று இறங்கும். வாருங்கள்."

"இதைப் படிச்சா எனக்கே இங்க வர மனசு வரல, மாப்பிள்ளை."

"எல்லாம் நிஜம்தானே மச்சான்?"

"நிஜம்தான். அதான் பிரச்சினை."

மாப்பிள்ளை ஒரு விளம்பர அலுவலகத்தில் பதினோரு வருடம் எழுதியவர். சோப்புக்கு எழுதினார், பிஸ்கட்டுக்கு எழுதினார். அலுவலகம் மூடிவிட்டது. நான்கு மாதமாக வீட்டில் இருந்தார். ஷாம்பு பாட்டிலின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு "இதுல காதுக்கு ஒண்ணுமே இல்லையே" என்று மனைவியிடம் குறைப்பட்டுக்கொண்டிருந்தார். விளம்பரம் என்றால் ஐந்து புலனுக்கும் வேலை இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. ஒரு புலன் சும்மா இருந்தாலும் வாடிக்கையாளர் அந்த வழியாகத் தப்பித்துவிடுவார் என்பார்.

டாக்டர் நேர் எதிர். பெரிய ஆஸ்பத்திரியில் சம்பளத்துக்கு இருந்தவர். மாதம் இத்தனை பல் எடுக்க வேண்டும் என்று அங்கே கணக்கு சொன்னார்கள். நல்ல பல்லை எடுக்க மாட்டேன் என்று வெளியே வந்து, மாடியில் இரண்டு அறை பிடித்துப் பலகை மாட்டினார். பலகையில் "பல் மருத்துவமனை" என்று இருந்தது. அவர் எழுதிய நோட்டீஸிலும் அதுதான் இருந்தது. கூடவே நேரம். வாரத்துக்கு நான்கு பேர் வந்தார்கள். மாதக் கடைசிக்குள் கூட்டம் சேரவில்லை என்றால் பழைய ஆஸ்பத்திரிக்கே திரும்புவதாக அவர் முடிவு செய்திருந்தார். அங்கே இடம் காலியாக இருந்தது. நல்ல பல்லும் நிறைய இருந்தது.

"நீங்க எழுதிக் கொடுங்க மாப்பிள்ளை. கடைசி முயற்சி," என்று கேட்டது டாக்டர்தான்.

கடைசி முயற்சியில் நான்கு பேர் பூஜ்யமானார்கள்.

"தப்பு எங்கன்னு புரிஞ்சிடுச்சு மச்சான்," என்றார் மாப்பிள்ளை. "புலன் சரி. எடுத்த விஷயம் தப்பு. ஊசியை விட்டுடுவோம். இடத்தை எழுதுவோம்."

இரண்டாவது நோட்டீஸ் அடுத்த திங்கட்கிழமை போனது.

"வெளியே வெயில். உள்ளே, கழுத்தின் பின்புறம் மெல்லத் தடவும் குளிர்காற்று. மீன்தொட்டியில் குமிழிகள் ஒவ்வொன்றாக மேலேறி உடையும் ஓசை. புதிதாய்த் துவைத்த துணியின் வாசம். சாய்ந்தால் உங்களோடு சேர்ந்து தானும் சாயும் நாற்காலி. ஒரு நிமிடம் கண்ணை மூடுங்கள்."

கூட்டம் வந்தது. ஆறு பேர் உட்காரும் பெஞ்சில் ஒன்பது பேர். டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டு உள்ளே நின்றார். அரை மணி நேரமாக ஒருவரும் எழுந்து உள்ளே போகவில்லை.

நர்ஸ் முதல் ஆளிடம் போனார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மடியில் செய்தித்தாள்.

"ஐயா, உள்ள போங்க."

"பரவால்லம்மா. இங்கயே நல்லா இருக்கு."

"பல்லு?"

"பல் செட்டும்மா. கழட்டி வீட்டுல வச்சிட்டு வந்திருக்கேன்."

அவருக்குப் பக்கத்தில் ஒரு தம்பதி. வீட்டில் மாமியார் முன்னால் போட முடியாத சண்டையைத் தாழ்ந்த குரலில் அங்கே போட்டுக்கொண்டிருந்தார்கள். மூலையில் ஒருவர் மீன்களை எண்ணினார். இன்னொருவர் நர்ஸைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"சாயற நாற்காலின்னு போட்டிருந்ததே, அது எது? எனக்கு கால் மணி நேரம் போதும்."

டாக்டர் அவரை மகிழ்ச்சியோடு உட்கார வைத்து விளக்கைப் போட்டார். "வாயைத் திறங்க."

"எதுக்கு?" என்றார் அவர். விளக்கையும் அணைக்கச் சொன்னார்.

நான்கு நாள் இப்படிப் போயிற்று. நர்ஸ் மாப்பிள்ளையிடம், "மாப்பிள்ளை சார், தலையணை ரெண்டு வாங்கிப் போட்டுடலாமா?" என்று கேட்டார்.

ஐந்தாம் நாள் டாக்டர் ஏசியை நிறுத்தினார். பத்து நிமிடத்தில் பெஞ்ச் காலியானது. கடைசியாக எழுந்தவர் கதவருகே நின்று, "நோட்டீஸ்ல ஒண்ணு போடறீங்க, உள்ள ஒண்ணு நடக்குது. ஏமாத்து வேலை," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலை வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க அப்பா இன்னிக்கும் கேட்டார்," என்றார் மனைவி. "கடையில ஸ்டூல் காலியா இருக்காம்."

மாமனாருக்கு ஆணி, திருகாணிக் கடை.

"ஆணிக்கடையில நான் என்ன பண்ணுவேன்?"

"ஒண்ணும் பண்ண வேணாம். ரெண்டு இஞ்ச், மூணு இஞ்ச். கேட்டதை எடுத்துக் கொடுத்தா போதும். ஆணிக்கு வர்ணனை எதுக்கு?"

"ரெண்டு வாரம் பொறு."

"எங்க அண்ணனுக்கு ரெண்டு வாரம்தான் இருக்கு. இருந்த நாலு பேரையும் விரட்டிட்டீங்க. அவன் அந்த ஆஸ்பத்திரிக்குத் திரும்பப் போனான்னா, நீங்க நேரா ஆணிக்கடைதான். சொல்லிட்டேன்."

மாப்பிள்ளை எழுந்து மேஜைக்குப் போனார். ஊசியை எழுதினால் பயப்படுகிறார்கள். நாற்காலியை எழுதினால் தூங்குகிறார்கள். மிச்சம் இருந்தது ஒன்றுதான். போன வருடம் அவருக்கே கடைவாய்ப் பல் வலித்திருந்தது. கண்ணை மூடி அதை நினைத்துக்கொண்டார். ஒரே மூச்சில் எழுதி முடித்து மனைவிக்குப் படித்துக் காட்டினார்.

"முதலில் அது வலியே அல்ல. யாரோ வீட்டுக்குள் இருக்கிறார்கள் என்பது போல ஒரு சந்தேகம். குளிர்ந்த தண்ணீர் பட்டதும் சுருக்கென்று ஒரு கோடு, பல்லிலிருந்து காது வரை. தலையணையில் கன்னம் வைத்தால் உள்ளே சின்னச் சுத்தியல் ஒன்று தட்டும். அது உங்கள் நாடித்துடிப்பு. வாயில் துருப்பிடித்த சாவியைச் சப்பிய சுவை. அந்தப் பக்கம் மெல்லாமலே பாதி மாதம் போய்விட்டது. போகாதே என்றாலும் நாக்கு அங்கேயே போகிறது. இப்போது உங்கள் நாக்கு எங்கே இருக்கிறது?"

மனைவியின் கை கன்னத்துக்குப் போயிருந்தது. "நிறுத்துங்க."

"வலிக்குதா?"

"வலிக்கல. வலிக்கப்போகுதோன்னு இருக்கு."

"அது போதும்," என்றார் மாப்பிள்ளை. அவருக்கே இடதுபக்கம் லேசாக வலித்தது.

மறுநாள் டாக்டர் அதைப் படித்தார். எழுந்து கண்ணாடி முன் போய், வாயைத் திறந்து, சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பின்பற்கள் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்றும் இல்லை. திரும்பி வந்து உட்கார்ந்தார். நாக்கு உள்ளே சுற்றிக்கொண்டிருப்பது கன்னத்தில் தெரிந்தது.

"மாப்பிள்ளை, இது தப்பில்லையா? வலி இல்லாதவனுக்கும் வலிக்கும் போலிருக்கே."

"வலி இருக்கறவன் வருவான் மச்சான். மத்தவன் ரெண்டு நாள்ல மறந்துடுவான்."

"இல்லாத வலிக்கு நான் வைத்தியம் பண்ண மாட்டேன். அதுக்குத்தான் அங்கேருந்து வெளிய வந்தேன்."

"பண்ணவே வேணாம்."

மூவாயிரம் பிரதி அச்சானது. வழக்கம்போல நோட்டீஸ் கட்டு பேப்பர்காரரிடம் போனது. புதன்கிழமை பேப்பருக்குள் வைத்துவிடலாம் என்றார் அவர்.

புதன்கிழமை ஒன்பது பத்துக்கு ஓர் ஆசிரியை வந்தார். கன்னத்தில் கைக்குட்டை. மீன்தொட்டியைப் பார்த்ததும், சரியான இடம்தான் என்று உட்கார்ந்தார்.

"எப்படி வலிக்குது?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

"தண்ணி பட்டா சுருக்குன்னு இழுக்குது. காது வரைக்கும்."

மாப்பிள்ளை நிமிர்ந்தார். "படுத்தா?"

"படுக்கவே முடியல. உள்ள யாரோ தட்டற மாதிரி."

"சுத்தியலா?"

"ஆமாங்க. அதேதான்."

உள்ளே டாக்டர் பத்து நிமிடம் பார்த்தார். தட்டினார், ஊதினார். வெளியே வந்து மாப்பிள்ளையை ஒரு பக்கம் கூட்டிப்போனார்.

"மேல ஒண்ணும் தெரியல. ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாக்கலாமா?"

"எக்ஸ்ரேல எப்படித் தெரியும் மச்சான்? அது நோட்டீஸ்லேருந்து வந்த வலி. வரிக்கு வரி என் எழுத்தை ஒப்பிக்கறாங்க."

டாக்டர் யோசித்தார். காலையில் அவர் வலதுபக்கப் பல்லும் வலித்திருந்தது. அவருக்குத் தெரிந்து அதில் ஒன்றும் இல்லை. ஆசிரியையிடம் போய், "பல் நல்லா இருக்கும்மா. ரெண்டு நாள்ல சரியாயிடும்," என்றார்.

பதினொரு மணிக்குள் மேலும் நான்கு பேர். ஒரு டிரைவர், ஒரு தையல்காரர், அண்ணன் தம்பி இருவர். நால்வருக்கும் சுருக்கென்று இழுத்தது. நால்வருக்கும் உள்ளே தட்டியது. தையல்காரருக்கு வாயில் துருவின் சுவை இருந்தது.

மாப்பிள்ளைக்கு உடம்பு சிலிர்த்தது. சோப்புக்கு எழுதிய பதினோரு வருடத்தில் ஒருவர்கூட வந்து நுரையின் ஓசை கேட்டதாகச் சொன்னதில்லை.

டாக்டர் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னார். "எனக்கு ஒருத்தர் வாயையும் நம்ப முடியல மாப்பிள்ளை. எது பல்லு, எது நோட்டீஸ்னு தெரியாம நான் கை வைக்க மாட்டேன். நீங்களே வெளிய உக்காந்து பிரிச்சு அனுப்புங்க. நோட்டீஸ் வலியை வீட்டுக்கு அனுப்பிடுங்க. நிஜ வலியை மட்டும் உள்ள விடுங்க."

மாப்பிள்ளை வாசல் அறையில் மேஜை போட்டு உட்கார்ந்தார். முன்னால் நோட்டீஸை விரித்து வைத்துக்கொண்டார். வருகிறவர் சொல்வதை அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். மூன்று வரி ஒத்துப்போனால் வீட்டுக்கு.

"நோட்டீஸ் பாத்தீங்களா?"

"ம்ம்," என்பார் வந்தவர். பல்வலிக்காரர் எதைக் கேட்டாலும் ம்ம் என்றுதான் சொல்வார்.

"இது உங்க வலி இல்லங்க."

"பின்ன யாரோடது?"

"என்னோடது. நான் எழுதினது. வீட்டுக்குப் போங்க, வெதுவெதுன்னு தண்ணி குடிங்க. அதை மறுபடி படிக்காதீங்க."

சிலர் சண்டை போட்டார்கள். முன்பு பெஞ்சில் மீன் எண்ணியவர் வந்தார். "அன்னிக்கு சும்மா உக்கார வந்தேன். ஏசியை நிறுத்தி விரட்டினீங்க. இன்னிக்கு நிஜமாவே வலிக்குதுன்னு வந்தா அதுக்கும் விரட்டறீங்களே!" என்று கத்தினார். கத்தியதில் வலி கூடி, பேச்சை நிறுத்திக்கொண்டு இறங்கிப்போனார்.

"அவருக்கு கன்னம் வீங்கியிருக்கே சார்," என்றார் நர்ஸ்.

"ரெண்டு தடவை படிச்சிருப்பார்."

பத்து நாளில் ஐம்பத்தெட்டுப் பேர். மேஜை போட்ட பிறகு உள்ளே போனவர் ஒருவரும் இல்லை. ஒத்துப்போகாத வலி என்று ஒன்று வரவே இல்லை. டாக்டர் சாத்திய கதவுக்குப் பின்னால் கருவிகளைத் துடைத்து வைத்து, மறுபடி எடுத்துத் துடைத்தார்.

மாப்பிள்ளைக்கு இப்போது கொஞ்சம் பயம் வந்தது. ஊரையே பல்வலியில் தள்ளியாயிற்று. மருந்தையும் அவரே எழுத வேண்டும். ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து மாற்று நோட்டீஸ் எழுதினார். அச்சுக்குப் போக நேரம் இல்லை. பெஞ்சில் இருந்த எட்டுப் பேர் முன்னால் நின்று உரக்கப் படித்தார்.

"ஒரு காலை கண் விழிக்கிறீர்கள். வாய் என்று ஒன்று இருப்பதே நினைவில் இல்லை. குளிர்ந்த நீர் நாக்கைத் தொட்டு, பல்லைத் தொட்டு, ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே இறங்குகிறது. இரண்டு பக்கமும் மெல்லுகிறீர்கள். யாரோ ஏதோ சொல்ல, பல் தெரியச் சிரிக்கிறீர்கள்."

எட்டுப் பேரும் கடைசி வரை கேட்டார்கள்.

"எப்படி இருக்கு?" என்று பெஞ்சின் நடுவில் இருந்த லாரி டிரைவரைக் கேட்டார்.

"நல்லா இருக்கு சார்."

"வலி?"

"அது அப்படியேதான் இருக்கு."

ஓரத்தில் ஒரு பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஏம்மா அழறீங்க? வலி ஜாஸ்தியா?"

"இல்லங்க. நான் அப்படி இருந்த நாள் ஞாபகம் வந்துடுச்சு."

மாப்பிள்ளை தாளை மடித்தார். உள்ளே போய் டாக்டர் முன்னால் உட்கார்ந்தார். "எனக்குத் துன்பம்தான் எழுத வருது மச்சான். சுகம் வரல."

"விடுங்க மாப்பிள்ளை."

"இன்னும் ரெண்டு நாள் கொடுங்க. வேற மாதிரி எழுதிப் பாக்கறேன்."

"வேணாம்." டாக்டர் கையுறையைக் கழற்றினார். குரலில் கோபம் இல்லை. "அந்த ஆஸ்பத்திரியில நல்ல பல்லைப் பிடுங்கச் சொன்னாங்க. அது ஒரு பாவம். இங்க நல்ல பல்லுல வலியை வச்சு அனுப்பறோம். இது அதைவிடப் பெரிய பாவம். அங்கயாவது மரத்துப்போற ஊசி போடுவாங்க." மேஜையிலிருந்து ஒரு கவரை எடுத்துக் காட்டினார். "காலையில அவங்களுக்கு எழுதிட்டேன். திங்கட்கிழமை சேரணும். பலகையை மட்டும் இறக்கிடுவோம், வாங்க."

திங்கட்கிழமை மாப்பிள்ளைக்கும் ஓர் இடத்தில் சேர வேண்டியிருந்தது. மனைவி சட்டை தேய்த்து வைத்திருந்தார்.

நர்ஸ் பெஞ்சில் இருந்தவர்களை அனுப்பினார். எட்டுப் பேரும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வரிசையாகப் படியிறங்கினார்கள். மாப்பிள்ளை ஸ்டூலைப் போட்டு ஏறினார். டாக்டர் கீழே நின்று பலகையின் ஒரு முனையைத் தாங்கினார். திருகாணி துருவேறி இருந்தது.

"இது எத்தனை இஞ்ச்?" என்று டாக்டர் கேட்டார்.

"தெரியல மச்சான்."

"தெரிஞ்சுக்கணும்."

மூன்று திருகாணி கழன்றது. நான்காவதைத் திருகும்போது படியில் காலடிச் சத்தம். ஒருவர் கைப்பிடியைப் பிடித்து ஏறி வந்தார். தலையைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தார். ஒரு கன்னம் உப்பியிருந்ததில் அந்தப் பக்கத்துக் கண் பாதி மூடியிருந்தது.

"கிளினிக் மூடியாச்சுங்க," என்றார் நர்ஸ்.

"அம்மா, பாத்து அனுப்புங்கம்மா. தாங்க முடியல."

குரலை வைத்துத்தான் நர்ஸுக்கு அடையாளம் தெரிந்தது. "அட, பேப்பர்காரர்! மாப்பிள்ளை சார், இங்க பாருங்க. உங்க நோட்டீஸ் இவரையும் விடல."

மாப்பிள்ளை ஸ்டூலில் இருந்தபடியே திரும்பிப் பார்த்தார். அந்தக் கன்னத்தைக் கண்டதும், இத்தனைக்கும் நடுவில், அவருக்குள் லேசாக ஒரு பெருமை எழுந்தது. மூவாயிரத்தையும் கையால் தொட்டவர். அப்படித்தான் இருக்கும்.

"தண்ணி பட்டா சுருக்குன்னு இழுக்குதா?" என்று கேட்டார்.

"இழுக்குது சார்."

"காது வரைக்கும்?"

"காது வரைக்கும்."

"உள்ள தட்டுதா?"

"தட்டுது."

"கவலைப்படாதீங்க. அது நிஜ வலி இல்ல. நோட்டீஸை அத்தனை தடவை பாத்திருப்பீங்க, அதான்."

பேப்பர்காரர் கைப்பிடியை விட்டுவிட்டுக் கையைக் கூப்பினார்.

"கோவிச்சுக்காதீங்க சார். அன்னிக்குக் கட்டை வாங்கி வச்ச சாயங்காலமே பிடிச்சுது வலி. பல் டாக்டர்னா எனக்கு பயம், அதான் தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்துட்டேன். பேப்பரைப் பொண்டாட்டி பாத்துக்கறா. உங்க நோட்டீஸைத்தான் இன்னும் ஒரு வீட்டுக்கும் போடல, கட்டே பிரிக்கல."